கடலை இலை நிறத்தில் ஒரு நூல்

மயிலை யாராவது கட்டிப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பிடித்ததில்லை. என் வீட்டுக்காரர் பிடித்திருக்கிறார். அதுவும் தன் வாழ்நாளில் பாதியை மயிலைத் திட்டியே கழித்த மனிதர்.

காலை ஆறரை மணி இருக்கும். கிளுவை வேலி ஓரமாக அவர் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி ஒரு பெண் மயில். அது மிரளாமல் இருக்க, தன் தோள் துண்டை எடுத்து அதன் தலையை மூடியிருந்தார். நான் எதிரே குத்துக்காலிட்டு, கையில் சின்னக் கத்தரியோடு, அதன் இடது காலில் சுற்றியிருந்த நூலின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நுனி கிடைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் நூலே சரியாகத் தெரியவில்லை. பச்சை நூல். சுற்றிலும் இருந்த கடலைச் செடியின் இலை என்ன பச்சையோ, அதே பச்சை.

அந்தப் பச்சையைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவள் நான்தான்.

போன வாரம் இந்தத் தொடரில், நான் பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் செய்த தவறு எதையுமே எழுத மாட்டீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாயே, இந்த வாரம் முழுக்க அதுதான்.

கல்லும் கன்னமும்

எங்கள் தோட்டம் நெருப்பெரிச்சல் என்கிற ஊரைத் தாண்டி வடக்கே போகும் வழியில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. மூன்று பக்கமும் கம்பெனிகளும் பிளாட் கற்களும் வந்துவிட்டன. நாலாவது பக்கம் மணியண்ணன் தோட்டம். அதை ஒட்டி, எங்கள் வேலி மூலை வரைக்கும் வேலிமுள் மண்டிய புறம்போக்கு. மயில்களின் குடியிருப்பு அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு விவசாயம் தவிர வேறெதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஊரே பஞ்சும் நூலுமாகப் பறந்துகொண்டிருந்த காலத்திலும் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். சங்கு ஊதினால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிடுவதெல்லாம் தன்னால் ஆகாது என்பார். நான் செக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன், அவர் தோட்டத்துக்குப் போனார். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர் அவர். காலில் கொப்புளத்தோடு திரும்பி வருவார். வந்த மறுநாள் காலையில் முருகனின் வாகனம் கடலைக் காட்டில் நின்றுகொண்டிருக்கும்.

அப்போது அவர் செய்வதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வலது கையால் கல்லை எடுத்து வீசுவார். கல் போய் விழும் முன்பே இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வீச்சு, கன்னம், வீச்சு, கன்னம். ஒரு கல்லாவது மயில்மேல் பட்டதாக எனக்கு நினைவில்லை. படக்கூடாது என்று பார்த்துத்தான் வீசுகிறார் என்பது எனக்கும் தெரியும், மயிலுக்கும் தெரியும்.

"வண்டிய வாங்குனா நிறுத்தறதுக்கு எடம் பாத்து வாங்கோணும். இவன் என்னடான்னா என்ற தோட்டத்துல உட்டுட்டுப் போயர்றான்" என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கத்துவார்.

கம்பெனி மயில்

இந்த மயில் விஷயத்தில் எனக்கு இரண்டு வாழ்க்கை. விடியும்போது நான் மயிலின் எதிரி. ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குள் போய்விட்டால் நானும் அதன் ரசிகை.

எங்கள் கம்பெனியின் தகரக் கூரையில் ஓர் ஆண் மயில் வந்து உட்காரும். மழை இருட்டும் நாட்களில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இறங்கித் தோகை விரிக்கும். பீகார், ஒடிசா பையன்கள் வேலையைப் போட்டுவிட்டு "மோர்! மோர்!" என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் பேச்சில் மோர் என்றால் மயில். நாங்களும் பின்னால் ஓடுவோம். சூப்பர்வைசர் எங்களைத் திட்ட வந்து, திட்டாமல் தானும் நின்று பார்ப்பார்.

ஆபீஸ் முகப்பில் கண்ணாடி பதித்தபோது அந்த மயில் அதில் தன்னையே பார்த்து, வேறு எவனோ வந்துவிட்டான் என்று ஒரு வாரம் சண்டை போட்டது. கண்ணாடிக்குப் பழைய பெட்ஷீட் கட்டிய பிறகுதான் சமாதானம் ஆனது.

அதே மயில் சாயங்காலம் எங்கள் தோட்டத்துக்கு வந்து விதைக்கடலையைக் கிளறித் தின்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். முன்பெல்லாம் குள்ளநரி இருந்தது, முட்டையைத் தின்று கணக்கைச் சரி செய்துவிடும் என்று மணியண்ணன் சொல்வார். நரி போன இடத்தில் கம்பெனி வந்தது. மயில் போக வேறு இடம் இல்லை. எங்களுக்கும் இல்லை.

தோட்டத்துக்கு ஓவர்லாக்

தொடர்ந்து இரண்டு போகம் கடலை போட்டோம். இரண்டு தடவையும் விதைத்த ஒரு வாரத்துக்குள் பாதி விதை கிளறப்பட்டுவிட்டது. மயிலுக்குக் காலே மண்வெட்டி. மூன்றாவது தடவை ஆடியில் விதைக்கும்போது என் வீட்டுக்காரர் உழவு ஓட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான் சரசு. நானும் உங்க கம்பெனிக்கே வாட்ச்மேன் வேலைக்கு வந்தர்றேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனி கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, என்னைவிட இருபது வயது சின்னவனான மேனேஜருக்கு அவர் சல்யூட் வைப்பதை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. இந்த வெள்ளாமையை எப்படியாவது வீடு சேர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவருக்காகத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல். கம்பெனியில், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல் கோன் கோனாக மிச்சம் கிடக்கும். ஓர் ஆர்டர் முடிந்தால் அந்த நிறம் அடுத்த ஆர்டருக்கு ஆகாது. கேட்டு நாலு கோன் வெள்ளை நூல் வாங்கி வந்தேன். தோட்டத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் இரண்டு வரிசை ஓட்டினேன். நடுவிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன்.

பலித்தது! மயில்கள் வேலிச் சந்து வழியாக வரும். வெள்ளை நூலைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கும். நெஞ்சில் பட்டதும் துள்ளிப் பின்னால் போகும். பயிர் முளைத்து, மண் தெரியாமல் மூடியது. என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் பாராட்டுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த மாதம் முழுக்கக் காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மணியண்ணனுக்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங்கம்மிணி, தோட்டத்துக்கே ஓவர்லாக் அடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது! பட்டன் எப்ப வெக்கறீங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

இலையைக் கொண்டுபோய்க் காட்டி

காய் பிடிக்கும் சமயத்தில் வெள்ளை நூல் காற்றிலும் ஆட்டுக்குட்டிகள் மேய்ந்ததிலும் அறுந்து தொங்க ஆரம்பித்தது. மயில்களும் திரும்ப எட்டிப் பார்த்தன. புதிதாக ஓட்ட வேண்டும்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிலில் தையல் நூல் கண்ணுக்குத் தெரியவே கூடாது. துணி என்ன நிறமோ, நூலும் அதே நிறம். ஒரு சாயல் மாறினாலும் பீஸ் ரிஜெக்ட். வருஷக்கணக்காக நான் பார்த்த வேலையே அதுதான். துணியையும் நூலையும் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஒரு கடலை இலையைப் பறித்து டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மிச்ச நூல் அலமாரியில் ஒவ்வொரு பச்சைக் கோனாக எடுத்து இலையோடு ஒட்டிப் பார்த்தேன். பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் ஜெபா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, செடிக்கு சட்டை தைக்கப் போறியளா?" என்றாள். ஏழாவதோ எட்டாவதோ கோன் அச்சாகப் பொருந்தியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று சாயங்காலமே ஓட்டி முடித்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நூல் இருப்பதே தெரியவில்லை. மணியண்ணன் வேலியோரம் வந்து தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

எனக்குத் தெரியாத நூல் மயிலுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இந்தச் சின்னக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை நூல் மயிலை விரட்டியதற்குக் காரணமே அது கண்ணில் பட்டதுதான். நான் வேலியை எடுத்துவிட்டுக் கண்ணி வைத்திருக்கிறேன் என்பது மூன்றாம் நாள் காலையில்தான் புரிந்தது.

பிசிறு

என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெண் மயில் வேலியோரம் சாய்ந்து கிடந்தது. கால் நூலில் சிக்க, மிரண்டு ஓடி, சுற்றிச் சுற்றி வந்து, கிளுவைக் குச்சியோடு தன்னைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்ததோ. சுற்றிலும் மண் முழுக்க இறக்கை அடித்த தடம்.

ஓவர்லாக் நூலுக்கு ஒரு குணம் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். போட்டுக்கொள்கிறவர்களுக்குப் பனியன் உறுத்தக்கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். மயில் இழுக்க இழுக்க அது காலுக்குள் இறங்கிவிட்டது. விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

சத்தம் கேட்டு வந்த மணியண்ணன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அறுத்து உட்டுப்போட்டுக் கம்முனு இருங்க. தேசியப் பறவைங்க. வெளிய தெரிஞ்சா கேசு, ஜெயிலு."

அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல விரும்பவில்லை, அப்படித்தான் தோன்றியது. ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குள் மண்டி போட்டு, அதன் இறக்கைகளை மடக்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டார்.

"இந்தக் காலோட உட்டா ஒரு நாள் தாங்காதுங்க மணி. போன் போடுங்க, வரட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வெட்டு. உன்ற கை ஆகாட்டி வேற யாரு கை ஆகும்?" என்றார்.

மணியண்ணன்தான் வனத்துறைக்குப் போன் செய்தார். வர ஒரு மணி நேரம் ஆகும், நூலை இழுக்காமல் பறவையை அசையாமல் பிடித்திருங்கள் என்றார்களாம்.

துணியில் ஓட்டை விழாமல் பிசிறு நூலை வெட்டி எடுக்கத்தான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கினேன். லைக்ரா துணியில் கத்தரி முனை கொஞ்சம் பட்டாலும் பீஸ் போய்விடும். அதனால் நூலை இழுக்கக் கூடாது. முனையை நூலுக்கு அடியில் படுக்க வைத்து, மேல்நோக்கித் திருப்பி, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அதைத்தான் செய்தேன். வீங்கிய தோலுக்குள் நூல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். ஒன்று வெட்டினால் அடியில் இன்னொன்று இருந்தது. கண்ணில் வியர்வை இறங்கியது, அழுகையும்தான். எத்தனை சுற்று வெட்டினேன் என்று தெரியாது.

துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மயில் அகவுமே, அது இல்லை. கோழிக்குஞ்சு மாதிரி மெல்லிய சத்தம். "ஆச்சு சாமி, ஆச்சு, ஆச்சு" என்று அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முழங்கையெல்லாம் நகம் கிழித்த ரத்தம். கன்னத்தில் போட்டுக்கொள்ள அன்றைக்கு அவருக்குக் கை காலியாக இல்லை.

யாருங்க கட்டுனது?

வந்தவர் ஒரு பெண் வனக்காவலர். என் மகள் வயதுதான் இருக்கும். காலைப் பார்த்தார், தரையில் கிடந்த நூலைப் பார்த்தார், தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். அவர் கால் இரண்டு தடவை நூலில் தடுக்கியது.

"இதை யாருங்க கட்டுனது?"

"நானுங்க" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாத மனுஷன். "இல்லீங்க, நான்தாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். இலையைக் கம்பெனிக்குக் கொண்டுபோனது, கோன் பொருத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிடிக்கறதுக்குக் கட்டலைன்னு தெரியுதுங்கம்மா. ஆனா இது செத்துப்போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. நடந்ததை எழுதிக் குடுங்க. ஒரு முழ நூல்கூட இங்க இருக்கக்கூடாது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வீட்டில் கிடந்த ஏற்றுமதி அட்டைப் பெட்டி ஒன்றில் காற்றுக்கு ஓட்டை போட்டு, மயிலை அதில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். பெட்டியின்மேல் 'கவனமாகக் கையாளவும்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

நூலை ஓட்டியது ஒரு சாயங்காலம். எடுக்க ஐந்து நாள் ஆனது. என் கெட்டிக்காரத்தனம் அப்படி, எடுக்கிற எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஜெபா, செக்கிங் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "யக்கா, அழுவாதிய. நாங்க பாக்காத பிசிறா?" என்று சேலையைச் செருகிக்கொண்டு செடி செடியாகக் குனிந்து தடவினாள். பீஸில் நூல் தேடுவது போலவே தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு தேடினார்கள்.

நூல் போன மறுநாளே மயில்கள் வந்துவிட்டன. பிஞ்சும் காயுமாகக் கிளறித் தின்றன. ஒரு பக்கம் மட்டுமாவது வெள்ளை நூல் கட்டலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். என் வீட்டுக்காரர் தலையை அசைத்துவிட்டார். "அதோட கால நான் கையில புடிச்சிருக்கறேன். வேண்டாம்" என்றார். அந்தத் தடவை வீட்டுக்கு வந்தது பாதிக்கும் குறைவு.

அதைவிட, போன் வரும்வரை காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏம்புள்ள, அது தண்ணி குடிச்சுதான்னு கேட்டயா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிழைத்துவிட்டது. முன்விரல்கள் மூன்றும் போய்விட்டன. ஒரு மாதம் கழித்து அதே புறம்போக்கில் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டியைத் திறந்ததும் ஓடவில்லை. சற்று நின்று, இடது காலை ஊன்றிப் பார்த்து, தூக்கிக்கொண்டு, எம்பி எம்பி முள்ளுக்குள் போனது. 'ஒத்தக்கால் அம்மிணி' என்று அவர்தான் பெயர் வைத்தார்.

இந்த ஆடி

கடைசித் தடவை என்றவர் இந்த ஆடியிலும் கடலை போட்டிருக்கிறார். சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று கேட்டால், "வாட்ச்மேனுக்கு வயசு வரம்பு இருக்குதாமா" என்கிறார். விதைத்த நாளிலிருந்து காலையும் மாலையும் நாங்களே காவல். நான் சில்வர் தட்டும் கரண்டியுமாக ஒரு மூலையில், அவர் கல்லோடு மறு மூலையில்.

ஒத்தக்கால் அம்மிணியும் கூட்டத்தோடு வருகிறது. அதனால் மண்ணைக் கிளற முடியாது. மற்றவை கிளறிப் போட்டதில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வரும். எம்பிப் பறக்கவும் சட்டென்று முடியாது.

நான் தட்டைத் தட்டினால் மணியண்ணன் தோட்டத்து நாய்களும் வேலி தாண்டி ஓடிவரும். மற்ற மயில்கள் படபடவென்று பறந்துவிடும்; இது மட்டும் நாய் வாயில் மாட்டிக்கொள்ளும். அதனால் நான் போனவுடன் தட்டுவதில்லை. முதலில் அது நிற்கிற பக்கமாக மெதுவாக நடந்து, சேலைத் தலைப்பை வீசி, "போ சாமி, போ" என்று வேலிச் சந்து வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறேன். அது நின்று நின்றுதான் நடக்கும். நடுவில் ஒரு விதையைக்கூடப் பொறுக்கும்.

அதற்குள் மற்றவை நாலு வாய் கூடுதலாகத் தின்றுவிடுகின்றன. மறு மூலையில் என் வீட்டுக்காரர் ஓங்கிய கல்லோடு அப்படியே நிற்கிறார். "தாண்டிருச்சா?" என்று அங்கிருந்தே கேட்பார். "இன்னும் இல்லீங்க, இருங்க" என்பேன்.

அது அந்தப் பக்கம் போய் முள்ளுக்குள் மறைந்த பிறகு, தட்டை எடுத்துப் பலமாகத் தட்டுகிறேன்.